நாலடிக்குக் கீழே சாட்சி இல்லை

அஞ்சலாட்சி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், செங்கழனி ஏரியின் ஐந்து ஷட்டர்களும் ஏழடிக்கு மேலேறிவிடும். ‘நத்தமேட்டில் யாரும் இல்லை.’ அவ்வளவுதான் வாக்கியம். அதைச் சொல்ல மாட்டேன் என்று அந்தம்மா காலையிலிருந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். மதியம் இரண்டே முக்கால் ஆகியும் அசையவில்லை.

இருபத்துநாலு அடிவரைதான் தேக்கலாம் என்ற ஏரியில் இருபத்தைந்தரை அடித் தண்ணீர். மழை நிற்கிற மாதிரி இல்லை. ஐந்து ஷட்டர்களும் நேற்றிலிருந்து மூணேமுக்கால் அடி திறந்துதான் இருந்தன, அது போதவில்லை. கரைமேல் நின்றுகொண்டிருந்த ஏரிக் காவலாள், லஸ்கர் தேவசகாயம், வாக்கிடாக்கியில் கத்தினார்.

“சார், மூணாவது மதகுப் பக்கம் கசிவு சார். தண்ணி கலங்கி வருது. மண்ண இழுத்துகிட்டு வருது சார்!”

தெளிந்த கசிவு என்றால் பயமில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று அர்த்தம். செயற்பொறியாளர் குணசீலன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டார்.

“நாலு மணி. அதுக்கு மேல தாங்காது. உடைஞ்சா மொதல்ல நத்தமேடு, அரை மணி நேரத்துல டவுன். மூணு லட்சம் பேரு. அந்தம்மாகிட்ட நீங்கதான் பேசணும் மேடம். விதி எழுதினது நீங்கதானே?”

ஆமாம், நான்தான். பெயர் தில்லைநாயகி. ஆபீசில் ‘விதி மேடம்’ என்பார்கள், கிண்டலாகத்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் இதே ஷட்டர்களை யாரிடமும் சொல்லாமல் தூக்கிவிட்டார்கள். நத்தமேட்டில் பதினொரு பேர் தூக்கத்திலேயே போனார்கள். ஊரே மறியலில் உட்கார்ந்தது. சட்டம் வந்தது. ஷட்டரைச் சுற்றும் கைப்பிடிகளை கேஸ் கட்டர் வைத்து அறுத்து எடுத்துவிட்டார்கள். இனி எந்த அதிகாரி கத்தினாலும் ஷட்டர் கேட்காது. எக்ஸ்.எம்.எல். என்கிற கணினி வடிவில் ஒரு ஆணை ஆவணம் போக வேண்டும். அது சரிபார்ப்பில் தேறினால் மோட்டார் ஓடும், தேறாவிட்டால் ஓடாது.

அந்தச் சரிபார்ப்பின் விதிகள்தான் என் பிழைப்பு. ஆவணத்தில் ‘திறப்பு’ என்று ஒரு பண்பு, அதாவது நிரப்ப வேண்டிய ஒரு கட்டம், எத்தனை அடி என்று சொல்ல. ‘சாட்சி’ என்று இன்னொரு பண்பு. நாலடிக்கு மேல் திறப்பதானால் நத்தமேட்டு கிராமசபை தேர்ந்தெடுத்த சாட்சி, ஊர் காலி என்று தன்னிடமுள்ள கருவியில் தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும். நாலடியோ அதற்குக் கீழோ என்றால் சாட்சி இருக்கவே கூடாது. ஆவணத்தின் வடிவத்தை வரையறுக்கும் பழைய ஸ்கீமா மொழியில் இப்படி ஒன்றைப் பார்த்து இன்னொன்றை முடிவு செய்ய வழியில்லை. ‘சாட்சி இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்று வழவழா கொழகொழாவென்றுதான் எழுத முடியும். நான் விடுவேனா? அதன் மேல் இன்னொரு விதிமொழியைப் போட்டு, இது இப்படியென்றால் அது அப்படி என்று இறுக்கிக் கட்டினேன்.

சட்டம் கேட்டது முதல் பாதியைத்தான். ‘இருக்கவே கூடாது’ என்கிற இரண்டாம் பாதி நானாகச் சேர்த்தது. தேவையில்லாத இடத்தில் ஒரு எழுத்து இருந்தாலும் எனக்குக் கை அரிக்கும். அப்படி ஒரு பிறவி.

“மாற்றுச் சாட்சி ஒருத்தர் இருக்கணுமே சார்?”

“கோதண்டம்னு ஒருத்தர். மூணு வருஷம் முன்னாடி செத்துட்டாரு. புது ஆளைப் போடல.” குணசீலன் திரையைக் காட்டினார். “இருநூத்திப் பன்னண்டு பேருல இருநூத்திப் பதினோரு பேரு மேட்டுப் பள்ளிக்கூடத்துல இருக்காங்க. மிச்சம் அந்தம்மா ஒண்ணுதான். வீட்டுக்குப் பின்னாடியே மேட்டுக்குப் பாதை இருக்கு, பத்து நிமிஷ நடை. படகுல ஆள் அனுப்பினேன், உள்ள தாழ்ப்பாள் போட்டுகிட்டாங்க. அதுக்கு மேல இழுப்புல படகு நிக்கல.”

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் இறங்கியது.

“ஒத்திகையில என்ன பண்றோம்? அதையே பண்ணிடுங்க.”

 ஒத்திகை நாளில் சாட்சியைக் கூப்பிட மாட்டோம். அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு அனுப்புவோம். நம் ஊரில் எந்தப் படிவத்திலும் பதில் தெரியாத கட்டத்தில் கோடு போடுவதுதானே வழக்கம்? காலியாக விட்டால் திருப்பித் தருவார்கள், கோடு போட்டால் வாங்கிக்கொள்வார்கள். என் விதியும் அந்த ரகம்தான். ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும், என்ன இருக்கிறது என்று பார்க்காது. ஒத்திகை முடிந்ததும் அந்த ஓட்டையை அடைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டே இருந்தேன்.

“கோடு போட்டா ஷட்டர் ஏறும் சார். அந்தம்மா அடிச்சிட்டுப் போயிடுவாங்க.”

“போடலன்னாலும் போயிடுவாங்க. கூட மூணு லட்சம் பேரு.”

 கணக்கு சரியாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். போனை எடுத்தேன்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் தண்ணீர் சத்தம் கேட்டது.

“அக்கா, நான் நீர்க்கட்டுப்பாட்டு மையத்துல இருந்து...”

“தெரிது. இன்னா, சாட்சி சொல்லணுமா?”

“நீங்க மேல போயிட்டு ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா. வீட்டுக்குள்ள தண்ணி வந்திருச்சா?”

“முட்டிக்கால் அளவு கீது. நேத்தே வந்துட்ச்சு, உங்க மூணேமுக்கால் அடித் தண்ணி. வருஷா வருஷம் வர்றதுதான? நீங்க இன்னா புச்சா கேக்கறீங்க?”

எனக்குப் புரியவில்லை. சின்னத் திறப்பில் தண்ணீர் ஓடையை விட்டு வெளியே வராது என்றுதான் வரைபடம் சொன்னது. நாலடி என்கிற எல்லையை அந்த வரைபடத்திலிருந்துதான் எடுத்தேன்.

“வருஷா வருஷமா?”

“எட்டு வருசமா. நாலடிக்கு மேலன்னாத்தான எங்கள கேக்கணும்? கேக்காம தொறக்கணும்னா மூணேமுக்கால். உங்காளுங்க வெவரமானவங்கம்மா. நான் ஒவ்வொரு வாட்டியும் மிசின்ல சொன்னன். ஊருல ஜனம் கீது, தொறக்காதீங்கன்னு. முப்பத்தியேழு வாட்டி சொன்னன். முப்பத்தியேழு வாட்டியும் அது இன்னா சொல்லிச்சு தெரியுமா?”

எனக்குத் தெரிந்துவிட்டது.  சாட்சி தன் கருவியில் பேசினால், அன்றைய திறப்பு ஆவணத்தின் நகலில் அவள் பெயர் ஏறி எங்களுக்கு வரும். திறப்பு மூணேமுக்கால். சாட்சி என்ற பண்போ இருக்கிறது. என் இரண்டாம் பாதி விதிப்படி...

“செல்லாதுன்னு சொல்லியிருக்கும்,” என்றேன்.

“ஆங். செல்லாது. ஏன்மா செல்லாது? நானு பொய்யா சொன்னன்?”

குணசீலன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மூன்றாக ஐந்து நிமிஷம். ஆனால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

“இல்லக்கா. ஒரு படிவம் இருக்குன்னு வையுங்க. ‘கல்யாணம் ஆச்சா’ன்னு ஒரு கட்டம். ஆச்சுன்னா அடுத்த கட்டத்துல புருஷன் பேர எழுதணும். ஆகலன்னா எழுதக் கூடாது. எழுதினா படிவம் தப்பு, தூக்கிப் போட்டுருவாங்க. அந்த மாதிரி, சின்னத் திறப்புன்னா சாட்சிக் கட்டத்துல பேர் இருக்கக் கூடாதுன்னு ஒரு விதி. நீங்க சொன்னது உண்மையா பொய்யான்னு மெஷின் பாக்கவே இல்ல. கட்டத்துல எழுத்து இருக்குன்னு மட்டும் பார்த்துச்சு.”

தண்ணீருக்குள் அவள் நகர்ந்து உட்காருகிற சத்தம் கேட்டது.

“மூணு வருசம் முன்னாடி, நானு கடசியா சொன்ன வாட்டி, எங்கூட்டுக்காரரு ஓடைக்கு அந்தாண்ட மாட்ட அவுக்கப் போயிருந்தாரு. நானு மிசின்ல கத்தனன். ஒரு ஆளு கீறாரு, கீறாருன்னு. செல்லாதுன்னுச்சு. தண்ணி வந்துச்சு. மறாநாளு அவரு பொணத்த பாத்துட்டு வந்து அதையும் சொன்னன். அதுவும் செல்லாது. அதோட நானு மிசின தொடல. குடிச்சிட்டு வுழுந்துட்டாருன்னு எழுதிட்டாங்க. கோதண்டம் வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சதில்ல தெரியுமா?”

கோதண்டம். மாற்றுச் சாட்சி.

“அக்கா...”

“இன்னிக்கி மட்டும் எஞ் சாட்சி செல்லுமா? உங்களுக்கு வோணும்னா செல்லும், எனக்கு வோணும்னா செல்லாதா? மொதல்ல அந்த முப்பத்தியேழையும் செல்லும்னு சொல்லுங்க. அப்பால நானு எழுந்து நடக்கறன். இல்லாட்டி இங்கயே கெடக்கறன், போங்க.”

போனை அவள் வைக்கவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே நூல்.

நிராகரித்த ஆவணங்களின் கிடங்கைத் திறந்தேன். எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதை எட்டிப் பார்த்ததில்லை. குப்பைக் கூடையை யார் பார்ப்பார்கள்? வரிசையாக முப்பத்தேழு. திறப்பு: மூணேமுக்கால். சாட்சி: அஞ்சலாட்சி. மிச்சமுள்ளவர்: நாற்பது, அறுபத்திரண்டு, பதினெட்டு, ஒன்று. ஒவ்வொன்றின் எதிரிலும் நானே எழுதிவைத்த சிவப்பு வாசகம்: ‘இவ்விடத்தில் சாட்சி கூடாது.’ படிக்கப் படிக்க எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“சார், ஒரு வரிய எடுத்துட்டா போதும். ‘கூடாது’ங்கிற வரி. எடுத்துட்டு மறுபடி ஓட்டினா எல்லாம் தேறிடும். உங்க கைரேகை வேணும்.”

குணசீலன் பின்னால் சாய்ந்தார். விதியை மாற்ற நான் எழுத வேண்டும், அவர் விரல் வைக்க வேண்டும். தேறிய ஆவணத்தை யாராலும் அழிக்க முடியாது, நகல் நேராக நீதிமன்றப் பதிவுக்குப் போய்விடும். அதுவும் சட்டம்தான். முப்பத்தேழு சாட்சியில் பதினாறு அவர் உத்தரவிட்ட திறப்புகளுக்கு வந்தவை. கோதண்டத்தைக் கொண்டுபோனது உட்பட.

“நல்ல கதையா இருக்கே! ஊரே முழுகப் போகுது, இப்ப உக்காந்து பழைய குப்பையக் கிளறணுமா?”

“அந்தக் குப்பைதான் சார் இப்ப ஷட்டரைப் பிடிச்சுகிட்டு நிக்குது.”

“எனக்கு ரிட்டயர்மென்டுக்கு ஒன்றரை வருஷம்மா.” மேடம் போய் அம்மா வந்துவிட்டது. “கோட்டைப் போடும்மா. ஒரு கோடு. யாருக்கும் தெரியாது. மேல இருந்து கேட்டா நான் பார்த்துக்கறேன்.”

விசைப்பலகைமேல் என் விரல் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த விநாடி அந்தக் கோட்டைப் போட்டுவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. மூன்று லட்சம் பேர். என் அக்கா வீடும் அந்த டவுனில்தான். போனில் அஞ்சலாட்சி இருமுவது கேட்டது. தண்ணீரில் உட்கார்ந்திருக்கிற இருமல்.

“சார்! மதகு ஓரமா கல்லு சரியுது சார்!” தேவசகாயத்தின் குரல் உடைந்தது. “எதாவது பண்ணுங்க சார், எம்மவ டவுன்லதான் சார் இருக்கா!”

குணசீலன் எழுந்தார். சன்னல் வரை போனார், திரும்பி வந்தார். கைரேகைக் கருவியில் விரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

வரியை எடுத்தேன். எட்டு வருஷம் நான் பெருமைப்பட்ட வரி, எடுக்க அரை விநாடிகூட ஆகவில்லை. ஓட்டினேன். சிவப்புகள் ஒன்றொன்றாகப் பச்சையாயின. பத்து, இருபது, முப்பது, முப்பத்தாறு.

கடைசி ஒன்று சிவப்பாகவே நின்றது.

“என்ன ஆச்சு?” என்றார் குணசீலன்.

கோதண்டம் இறந்த மறுநாள் அவள் சொன்ன சாட்சி. நிலை: இறப்பு. இறப்பு என்றால் ‘பொறுப்பாளர்’ என்ற பண்பு கட்டாயம் இருக்க வேண்டும். இதுவும் நான் எழுதிய விதிதான். ஆனால் நாலடிக்குக் கீழே வந்த ஆவணங்கள் முதல் படியிலேயே விழுந்துவிட்டதால், இந்தப் படி வரைக்கும் எதுவும் வந்ததே இல்லை. இப்போது வந்து நின்று, பெயர் கேட்டது.

“அக்கா, முப்பத்தாறு செல்லும். பதிவாயிடுச்சு.”

“முப்பத்தியேழு,” என்றாள் அஞ்சலாட்சி. “எது நின்னு போச்சுன்னு எனக்குத் தெரியும்.”

மூன்று இருபத்தைந்து. பொறுப்பாளர் என்ற இடத்தில் கட்டம் துடித்துக்கொண்டிருந்தது. குணசீலன் என் தோளுக்கு மேலே குனிந்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது.

“இங்க கோடு போடலாம்ல? இங்க யாரும் சாக மாட்டாங்க. செத்தவரு செத்துட்டாரு. கோட்டைப் போடுங்க, பச்சையாயிடும். அந்தம்மாவும் எழுந்துருவாங்க, எல்லாருக்கும் நல்லது.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கோடு போட்டால் தேறும். அஞ்சலாட்சிக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரியப்போவதும் இல்லை. செல்லும் என்ற ஒரு சொல்தான் அவளுக்குக் கேட்கும்.

திறக்கச் சொன்னது அவர். ஆனால் ஒரு ஆள் இருக்கிறார், இருக்கிறார் என்று அவள் கத்தியது அவர் காதுக்கு எட்டாமல் தடுத்தது நான். எட்டியிருந்தால் நிறுத்தியிருப்பாரோ மாட்டாரோ, அது அவர் பாடு. எட்டவிடாதது என் பாடு. சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண்ணின் வாயை முப்பத்தேழு தடவை அடைத்திருக்கிறேன்.

தட்டச்சினேன். தி, ல், லை, நா, ய, கி. குணசீலன் “ஏம்மா...” என்று கையைப் பிடிக்க வந்தார். அதற்குள் அனுப்பிவிட்டேன்.

பச்சை.

“முப்பத்தேழும் செல்லும்க்கா. நடங்க. தயவுசெஞ்சு இப்பவே நடங்க.”

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீரைக் கால்கள் தள்ளுகிற சத்தம். அந்தப் பத்து நிமிஷமும் அவள் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். நடுவில் ஒருமுறை சத்தமே இல்லை. ‘ஐயோ, அக்கா!’ என்று அலறிவிட்டேன். “கீறன், கீறன். சேல முள்ளுல மாட்டிகிச்சு,” என்றாள் எரிச்சலாக. வாழ்க்கையில் யாருடைய எரிச்சலும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

மூன்று முப்பத்தொன்பதுக்குப் பள்ளிக்கூடத்து இரைச்சல் போனில் கேட்டது. தன் கருவியை எடுத்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“நத்தமேட்டுல யாரும் இல்ல.”

ஆவணம் வந்தது. திறப்பு: ஏழடி. சாட்சி: அஞ்சலாட்சி. தேறியது. ஷட்டர்கள் உறுமிக்கொண்டு மேலேறுவதை வாக்கிடாக்கியில் கேட்டோம். தேவசகாயம் அழுதுகொண்டே அளவு சொன்னார். ஐந்து மணிக்குள் கால் அடி இறங்கியது. கரை தாங்கியது.

குணசீலன் டீ சொல்லிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அந்தக் கட்டத்துல எம் பேரையும் சேர்த்துருங்க மேடம். அதுதான் நியாயம்.”

“ஒரு பண்பு ஒரு தடவைதான் சார் வரும். அதுல ஒரு பேருக்குத்தான் இடம். அனுப்பினதைத் திருத்தவும் முடியாது.”

“ஓ,” என்றார். அவர் நிம்மதியாக மூச்சு விட்டதை நான் கேட்டேன். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. என்னிடம் வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நானும் அதே மாதிரிதான் விட்டிருப்பேன்.

மறுநாள் காலை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீதிமன்றத்திலிருந்து எனக்கு அழைப்பாணை விடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. அஞ்சலாட்சிக்கும் ஒரு நகல் போயிருந்தது. ஐந்தாம் வகுப்பு அறையில், பெஞ்சுமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான பெண். பாதம் இரண்டும் தண்ணீரில் ஊறி வெளுத்துப் போயிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் அந்த நகலை அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“பொறுப்பாளர், தில்லைநாயகி. யாருக்கா இது?”

“யாருக்குத் தெரியும்,” என்றாள் அஞ்சலாட்சி.

“நான்தான்க்கா,” என்றேன். “விதி எழுதினவ. செல்லாதுன்னு சொன்னது என் விதிதான்.”

அவள் திட்டுவாள் என்றுதான் வந்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் மனசைத் தயார் செய்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், மெதுவாக, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும்.

“எட்டு வருசமா மிசின்தான் சொல்லுதுன்னு நெனச்சிகினு இருந்தன்,” என்றாள். “ஒரு பொம்பளயா?”